விடாத கொக்கி

இதை எழுதச் சொன்னவள் ஜெரினா. எங்கள் படகு மையத்தில் இந்தப் பருவத்துக்குப் புது ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள். படகில் கயிறு மாட்டுவதை அவர்களுக்கு அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள். "எப்படி மாட்டணும்னு நான் காமிச்சிருதேன். ஏன் அப்படி மாட்டணும்னு நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நடுவுல அழுதுருவேன்க்கா" என்றாள். நேரில் போய்ப் பேச என்னாலும் முடியாது. படகு வந்து அணையும் அந்த ஜெட்டி மேடையில் நின்று அந்த நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் குரல் எங்கே நின்றுபோகும் என்று எனக்கே தெரியாது. அதனால் எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அவள் இந்தியில் சொல்வாள்.

மும்பையின் ஓரத்தில் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது அந்த மையம். முன்னால் விசைப்படகு இழுக்க, பின்னால் நீண்ட கயிற்றின் கைப்பிடியைப் பிடித்தபடி தண்ணீர் மேல் பலகையில் சறுக்கிப் போகும் வாட்டர் ஸ்கீயிங்கை அங்கே கற்றுத் தருகிறார்கள். எனக்குச் செம்பூர் திலக் நகரில் வீடு. ரயிலும் பஸ்ஸும் மாறி இருபது வருஷத்துக்கு மேல் அங்கே போய் வந்தேன். கணக்கு எழுதத்தான் சேர்ந்தேன். ஒருநாள் படகில் உட்கார வேண்டியவர் வரவில்லை. மேலாளர் வசந்தா மேடம் என் மேஜைக்கு வந்து, "உனக்கு நீச்சல் தெரியுமோ?" என்று கேட்டார். பள்ளியில் படிக்கும்போது நீந்தியிருக்கிறேன் என்றேன். "அப்போ எழுந்து வா" என்றார். அன்றிலிருந்து நான் கயிறு பார்க்கிறவள் ஆனேன்.

வேலை இதுதான்: கயிற்றைப் படகில் மாட்ட வேண்டும். படகு ஓடும்போது ஓட்டுநருக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். இழுபட்டு வருகிறவர் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் இதை விளக்கப் போய் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். "கயிறு கட்டவா உங்கப்பா உன்னைய பி.காம் படிக்க வச்சாரு? எங்க வீட்டுக் கொடிக்கயிறும் தொய்ஞ்சு கிடக்கு, வந்து பாத்துட்டுப் போ கோமதி" என்றார் என் சின்ன மாமனார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வசந்தா மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். பாலக்காட்டுக் குடும்பம். அவருக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். அவர் முணுமுணுக்கத் தொடங்கினால் படகுத் துறையில் எல்லோரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். பாராட்டு என்றால் 'ம்' மட்டும். கயிறு மாட்டுவதை அவர் பார்க்க மாட்டார், கேட்பார். நாங்கள் செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். அவர் ஏரியைப் பார்த்து நின்றுகொண்டு காதால் சரிபார்ப்பார்.

முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். சாவி ஓட்டுநரிடம் இருக்கக் கூடாது, கயிறு மாட்டுகிறவர் பையில் இருக்க வேண்டும். புரொப்பெல்லர் சுற்றும்போது கயிறு தண்ணீரில் கிடந்தால் அதைச் சுருட்டி இழுத்துக்கொள்ளும், பிடித்திருக்கும் கையையும் சேர்த்து. அடுத்து, கயிறு முழுவதையும் வெறுங்கையில் ஓடவிட்டுத் தடவ வேண்டும். பஞ்சு கிளம்பியிருக்கிறதா, எங்காவது இறுகிக் கட்டி தட்டியிருக்கிறதா என்று விரல்தான் சொல்லும், கண் சொல்லாது. கயிற்றின் நுனியில் பின்னி வைத்த வளையம் இருக்கும். அதைத்தான் மாட்ட வேண்டும். முடிச்சு கூடவே கூடாது. முடிச்சு கயிற்றின் பலத்தைத் தின்றுவிடும், இழுப்பு ஏறிய பின் அவிழ்க்கவும் வராது. படகின் பக்கவாட்டிலோ ஏணியிலோ கட்டினால் படகே கோணிக்கொண்டு திரும்பும். நடுவில் நிற்கும் கம்பத்தில்தான் மாட்ட வேண்டும். மிச்சக் கயிறு காலடியில் சுருண்டு கிடக்கக் கூடாது. கம்பத்துக்குப் பின்னால் யாரும் உட்காரக் கூடாது. ஸ்கீ செய்கிறவர் தண்ணீரில் தயாராகிக் கை தூக்கிய பிறகு மெதுவாகத் தொய்வை எடுக்க வேண்டும். கயிறு விறைத்த பிறகுதான் வேகம்.

சாதாரண ஸ்கீயிங்கில் விழுகிறவர் கைப்பிடியை விட்டுவிடுவார், அவ்வளவுதான். வித்தை காட்டுகிறவர்கள் விஷயம் வேறு. அவர்களுடைய கைப்பிடியில் ஒரு பட்டை சேர்ந்திருக்கும். ஒற்றைப் பலகையில் நின்று, இன்னொரு காலை அந்தப் பட்டைக்குள் நுழைத்து, கை இரண்டையும் விரித்துவிட்டுத் திரும்புவார்கள், முதுகு காட்டுவார்கள். படகின் மொத்த இழுப்பும் ஒரு காலில். அந்த நிலையில் விழுந்தால் கால் தானாக வெளியே வராது. படகு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

அதற்காகத்தான் கம்பத்தில் ரிலீஸ் என்று ஒரு கொக்கி. அதன் வாயை ஒரு பின் மூடி வைத்திருக்கும். அந்தப் பின்னிலிருந்து வரும் சிறு கயிறு என் கையில் இருக்கும். அவர் விழும்போது நான் இழுத்தால் கொக்கி வாய் திறக்கும், கயிறு முழுவதும் படகை விட்டுப் போய்விடும். இழுக்கக் கிடைப்பது ஒரு மூச்சு நேரம். நான் முதலில் உட்கார்ந்த வாரத்தில் ஒரு கல்லூரிப் பையன் லேசாகத் தள்ளாடினான். இழுத்துவிட்டேன். கைப்பிடி போய், அவன் தண்ணீருக்குள் போய், தலையைத் தூக்கி, "மேடம், மைன் கிரா நஹீ தா" என்றான். விழவே இல்லையாம். கரையில் வசந்தா மேடம் என்னிடம் தணிந்த குரலில், "காலைப் பார்க்காதே. நிக்கற காலோட முட்டியைப் பாரு. அதுக்குத்தான் முதல்ல தெரியும்" என்றார். இது இன்றைக்கும் சரி.

ஒவ்வொரு நாளும் முதல் ஓட்டத்துக்கு முன் கொக்கியைப் பளு வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு மேடமே எடை. ஜெட்டியில் நின்று கயிற்றைப் பிடித்து உடம்பை முழுக்கப் பின்னால் சாய்ப்பார். படகிலிருந்து பின்னை இழுப்போம். கொக்கி விட்டதும் அவர் பின்னால் போட்டிருக்கும் பழைய லாரி டயர் மேல் தொப்பென்று உட்காருவார். மறுபடி மாட்டி மறுபடி ஒரு தரம். "மேடம் உக்காந்தாச்சா?" என்று ஓட்டுநர் முருகேசன் அண்ணன் கேட்பார். "ரெண்டு வாட்டி உக்காந்தாச்சு, சாவியைக் குடுங்கோ அவருக்கு" என்று டயரிலிருந்தே பதில் வரும்.

என் மகள் நித்யா என்னோடு லீவு நாட்களில் அங்கே வந்து வளர்ந்தவள். எனக்குப் பிடிக்காத ஒன்றை அவள் பிடித்துக்கொண்டாள். காலேஜ் போகும் வயதில் கால்பட்டை வித்தையில் மையத்திலேயே அவள்தான் முதல். அவள் தண்ணீரில் இறங்கும் நாட்களில் பின்னை நானே பிடிக்கிறேன் என்று மேடத்திடம் கேட்டேன். "பெத்தவ பின்னைப் பிடிக்கப்படாது. குழந்தை தும்மினாலும் இழுத்துடுவா" என்றார். அதனால் நித்யாவுக்கு எப்போதும் ஜெரினா. வடாலாவில் இருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். எனக்குப் பிறகு சேர்ந்து, என்னைவிட நிதானமான கை வாய்த்தவள். நான் ஜெட்டியில் நிற்பேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முருகேசன் அண்ணன் விடிகாலையிலேயே தாதர் மார்க்கெட்டுக்குப் போய்க் கேந்திப்பூ மாலை வாங்கி வந்திருந்தார். தாராவியில் அவர் வீட்டு வாசலில் போடுவதைவிடப் பெரிய மாலை படகுக்கு. எஞ்சினுக்குப் பொட்டு, ஸ்டீயரிங்குக்குப் பொட்டு, கம்பத்தின் உச்சியில் மாலை. பொரியும் சுண்டலும் எல்லோருக்கும். அன்றைக்குப் படகு எடுப்பதில்லை. மறுநாள் விஜயதசமி, எதைத் தொடங்கினாலும் நல்ல நாள். அன்று காலை நித்யா முதல்முறையாக, கால்பட்டையில் முழுச் சுற்று திரும்பிப் பார்க்கப் போகிறாள் என்று ஏற்பாடு.

ஜெரினா கயிற்றை மாட்டினாள். சொல்லிக்கொண்டே மாட்டினாள். மாலை கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "அண்ணே, இந்தப் பூவை எடுத்துரவா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "இருக்கட்டும்மா, இன்னும் வாடக்கூட இல்ல. சாயங்காலம் நானே எடுத்துக்கிடுதேன்" என்றார் அவர். அவள் மாலையைக் கம்பத்தின் மறுபக்கம் ஒதுக்கிவிட்டாள். மேடம் சாய்ந்தார், டயரில் உட்கார்ந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். சோதனை சரியாகவே நடந்தது. இதைப் புதியவர்கள் மறக்கக் கூடாது. அன்று யாரும் எதையும் தவிர்க்கவில்லை.

படகு இழுக்க, நித்யா தண்ணீரிலிருந்து எழுந்தாள். ஏரியின் நடுப்பகுதி வரை அழகாகப் போனாள். காலைப் பட்டைக்குள் விட்டாள். கையை விரித்தாள். திரும்பத் தொடங்கினாள். ஜெட்டியிலிருந்து அவள் முட்டி எனக்குத் தெரியவில்லை, தூரம். ஆனால் தோள் ஒருபக்கம் சரிந்தது தெரிந்தது. இழு என்று நான் சொன்னது வாயிலா மனதிலா தெரியாது. அவள் விழுந்தாள்.

கயிறு விடவில்லை.

மஞ்சள் கயிறு விறைத்தபடியே இருந்தது. அதன் முனையில் தண்ணீர் உயரமாகக் கிழிந்து போனது. அந்தத் தண்ணீருக்குள் என் மகள் கால் முன்னும் தலை பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் ஒருமுறை மேலே வந்தது, உள்ளே போனது. பிறகு எஞ்சின் சத்தம் வெட்டினாற்போல் நின்றது. முருகேசன் அண்ணன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்துச் சாவியைத் திருப்பிவிட்டார். அந்தக் காலை நேரத்து நிசப்தம் இருக்கிறதே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் மின்விசிறி திடீரென்று நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். படகிலிருந்து ஜெரினா குதித்தது தெரிந்தது. இரண்டு தலைகள் ஒன்றாக மேலே வந்தன.

முட்டியின் தசைநார் கிழிந்திருந்தது. இடுப்பு மூட்டிலும் அடி. நுரையீரலுக்குள் கொஞ்சம் தண்ணீர். ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது ஜெரினா ஈர உடுப்போடு என் பக்கத்தில் நின்றாள்.

"ஏன் இழுக்கலை?" என்றேன்.

"இழுத்தேன்க்கா."

வலது கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையின் குறுக்கே கயிறு பதிந்து தோல் உரிந்திருந்தது.

சாயங்காலம் வசந்தா மேடம் வந்தார். படகை யாரும் தொடாமல் பூட்டிவைத்து, தானே தனியாகக் கொக்கியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். குரல் கேட்பதற்கே நான் குனிய வேண்டியிருந்தது. "பின்னு பாதிதான் வந்திருக்கு. மீதியை மாலை பிடிச்சிண்டிருந்தது" என்றார். ஓட்டத்தின் காற்றில் மாலை மறுபடி கொக்கிப் பக்கம் சுழன்று வந்திருக்கிறது. அதன் நூல் பின்னின் வளையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பூ உள்ளே நசுங்கி அடைத்திருக்கிறது. வாழைநாரில் கட்டிய மாலையாக இருந்தால் ஜெரினாவின் இழுப்புக்கு அறுந்திருக்கும். மார்க்கெட்டில் கிடைப்பது நைலான் நூலில் கோத்தது. அது மீன் பிடிக்கும் அளவுக்கு வலு.

முருகேசன் அண்ணன் ஆஸ்பத்திரிக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். நான் போனதும், "நாந்தாம்மா இருக்கட்டும்னேன்" என்றார். அவர் எஞ்சினை அணைக்க ஒரு நொடி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதையும் அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

ஜெரினா சில நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோதுதான் மீதியைச் சொன்னாள். "அண்ணே இருக்கட்டும்னாலும் எனக்கு மனசு ஒப்பல. கத்திரியைக் கையில எடுத்துட்டேன். பொறவு வச்சிட்டேன். உங்க சாமிப் பூவுல நான் கத்திரி வைக்கறதை ஒருத்தன் போன்ல படம் புடிச்சு எங்கயாவது போட்டுட்டான்னு வைங்க, நாளைக்கு நான் வேலைக்கு எங்கக்கா போக? அண்ணே ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஜெட்டியில நிக்கற மத்தவங்க?" என்றாள். நித்யா கட்டுப்போட்ட காலைப் பிரம்பு மோடா மேல் நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னைக் கேட்டிருக்கலாம்ல. நான் பிச்சுப் போட்டிருப்பேன்" என்றாள். "உன் கால்ல ஏற்கெனவே பலகை மாட்டியிருந்துச்சே" என்றாள் ஜெரினா. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

பருவம் மறுபடி சூடு பிடித்ததும் வேலைக்குத் திரும்பினேன். என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. சின்ன அலைக்கு இழுத்தது. பறவை குறுக்கே போனால் இழுத்தது. கற்றுக்கொள்ள வந்த ஒரு அம்மாள் ஒரே காலையில் என்னால் மறுபடி மறுபடி தண்ணீரில் விழுந்தார். அவர் புகார் சொல்லவில்லை, பரிதாபமாகப் பார்த்தார். விருப்ப ஓய்வு கேட்டு மேடத்திடம் போனேன். அவர் என் கையைப் பார்த்தார். 'ம்' என்றார்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டார்கள். போவதா வேண்டாமா என்று ரயிலில் குர்லா வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். போனால், படகில் பூவே இல்லை. முருகேசன் அண்ணன் கொக்கியைக் கம்பத்திலிருந்து கழற்றி எடுத்து வந்து, ஸ்பேனர்களோடும் ஸ்க்ரூடிரைவர்களோடும் சாமி படத்துக்கு முன் இலையில் வைத்திருந்தார். பொட்டு, பூ, தீபாராதனை எல்லாம் அங்கே. மறுநாள் காலை நானும் போனேன், ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இலையைச் சுற்றி எல்லோரும் நின்றோம். மேடம், "ஜெரினா, கொக்கியைக் கழுவு" என்றார்.

ஜெரினா முருகேசன் அண்ணனைப் பார்த்தாள்.

"என்னைய என்னத்துக்குப் பாக்க? பின்னு புடிக்கப் போறது நீ. நீதான் கழுவணும். நான் தண்ணி ஊத்துதேன்" என்றார் அவர். வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அவள் குத்தவைத்து உட்கார்ந்து பழைய டூத்பிரஷ்ஷால் சந்தனத்தையும் குங்குமத்தையும் தேய்த்தாள். அவர் மேலிருந்து ஊற்றினார். "அந்த இடுக்குல இன்னும் இருக்கு பாரு" "தெரியுதுண்ணே, வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்று கொஞ்ச நேரம் நடந்தது. யார் போனில் படம் பிடித்திருந்தாலும், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த முருகேசன் அண்ணன்தான் முன்னால் தெரிந்திருப்பார்.

நான் மறுநாளும் போனதற்குக் காரணம் நித்யா. அறுவை சிகிச்சை முடிந்து, பயிற்சி முடிந்து, டாக்டர் தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் அப்பாவும் சொல்லிப் பார்த்தார். "வேற யாராவது சொல்லியிருந்தா நீ என்ன சொல்லுவே மா? கொக்கி சரியா இருந்தா போகலாம்னு சொல்லுவேல்ல?" என்று கேட்டாள்.

வசந்தா மேடம் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். முதல் ஓட்டத்தில் கால்பட்டையில் காலை விட்டதும் வேண்டுமென்றே விழ வேண்டும். கொக்கி விடுவதை உடம்பு ஒருமுறை தெரிந்துகொண்டால்தான் அடுத்தது. நித்யா ஜெட்டி ஓரத்தில் உட்கார்ந்து பலகையை மாட்டிக்கொண்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மா, நீ வீட்டுக்குப் போ."

"நான் ஓரமா நிக்கறேன்."

"ஓரமா நின்னாலும் எனக்கு உன் மூஞ்சி தெரியும். அதைப் பார்த்தா நான் விழறதுக்கு முன்னாடியே விழுந்துருவேன். ப்ளீஸ் மா. ஜா, போ."

ஜெரினாவைப் பார்த்தேன். அவள் படகில் பின்புறம் பார்த்து உட்கார்ந்துவிட்டிருந்தாள். கயிறு கையில். என்னைப் பார்க்கவில்லை, நித்யாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் பார்க்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கேட்டைத் தாண்டும்போது எஞ்சின் முணுமுணுத்தது. பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது சத்தம் ஏறி, ஒரே சீராக ஓடியது. நித்யா பலகையில் எழுந்துவிட்டாள். மரங்கள் மறைத்ததில் ஏரி தெரியவில்லை. பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஏறவில்லை. அவர் மணியை இழுத்தார், பஸ் போயிற்று.

சத்தம் சட்டென்று இறங்கியது.

இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. தணிந்த குரலில் அது ஒரு வட்டம் சுற்றுவது கேட்டது. விழுந்தவளிடம் திரும்பிப் போகிற படகு அப்படித்தான் சுற்றும். பிறகு வெகு நேரம் ஒரே முணுமுணுப்பு. யாரோ பேசுவதுபோல் இருந்தது, காற்றில் சொல் பிரியவில்லை. கொக்கி விட்ட கயிற்றை எடுக்கிறார்கள், மாட்டுகிறார்கள், ஜெரினா சொல்லிக்கொண்டே மாட்டுகிறாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பின் மறுபடி சத்தம் ஏறியது. ஏறி, சீராகி, ஏரியின் மறுகரை நோக்கிப் போனது. அடுத்த பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். திருப்பம் வரும்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது.